தகப்பன் எண்

பின்சீட்டை மடக்கிய ஜீப்பில்
வைக்கோல் மேல் நின்றபடி வருகிறது
பன்னிரண்டாம் எண் பொலிக்கிடா.
பூண்டியில் இரண்டு வருஷம் முடிந்தது.
இன்னும் ஒரு பருவம் இருந்தால்
சொந்த மகள்களையே முகர்ந்துகொண்டு நிற்கும்.
அதனால் கவுஞ்சிக்கு இடமாற்றம்,
பயணப்படி கிடையாது.

வளைவுக்கு வளைவு என் கழுத்தில் மூச்சு விடுகிறது.

பதினோரு குடும்பம், இருநூற்று அறுபது தாயாடு, ஆறு கிடா.
கணக்கு எளிது என்று
திட்ட அறிக்கையில் நான்தான் எழுதினேன்.
குட்டி விழுந்த அன்றே எடை,
பிறகு முப்பதாம் நாள், தொண்ணூறாம் நாள்.
கீழ் இமையைப் புரட்டி
சிவப்பா வெளுப்பா என்று ஒரு குறி.
தாய் எண். தகப்பன் எண்.
அந்தக் கடைசிக் கட்டம் பொய்யானால்
முன்னால் நிரப்பியதெல்லாம் பொய்.
ஐந்து வருஷத்தில் குட்டிக்கு ஒன்றரைக் கிலோ கூடும்,
அவ்வளவுதான் வாக்குறுதி.
அதற்குத்தான் இந்தத் தூறலில் நிற்பது.

தங்கமுடியின் பட்டி. காலை ஏழரை.
கூரையடியில் கட்டுக் கட்டாகப் பூண்டு.
ஒவ்வொரு குட்டியாய்த் தூக்கி
தொங்குதராசின் சாக்குத் தொட்டிலில் வைக்கிறார்.
முந்நூற்று முப்பத்தாறு, பத்து அறுநூறு.
முப்பத்தேழு, ஒன்பது எண்ணூறு.
முப்பத்தெட்டு
பதினாலு முந்நூறு.

முள் நின்ற பிறகும் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறந்த அன்று இது ஒன்று எழுநூறு.
என் கையெழுத்துதான்.
காதைப் பிடித்தேன்.
மூன்று மாதத் துளை என்றால்
ஓரம் காய்ந்து வழவழப்பாகியிருக்கும்.
இது ஈரம்.
ஆணி முறிந்த மஞ்சள் வில்லையை
நைலான் நூலால் தைத்திருந்தது,
பூண்டு மூட்டையின் வாய்க்குப் போடும் அதே தையல்.

"எப்போ?"
"நீங்க முப்பதாம் நாள் எடை போட்டுப் போன மறுவாரம்.
விடிய விடிய மழை."
வில்லை தீப்பெட்டிக்குள் இருந்திருக்கிறது,
நேற்று ராத்திரி வரைக்கும்.

அடுத்தடுத்து இரண்டு குட்டி இழந்த தாய் கழிவு.
விதியை வாசித்தது நான்.
பதினோரு கை உயர்ந்தது.
அதில் இவர் கையும் ஒன்று.

எழுபத்தொன்று வேலியோரம் நின்றது.
மடியில் ஒரு காம்பு செத்திருந்தது.
மேகம் இறங்கி மூடிவிட்டால்
முப்பது ஆடும் இதன் பின்னால்தான் வருமாம்,
இது ஒருதரம்கூட வழி தப்பியதில்லையாம்.
அதற்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.
போட்டாலும்,
எத்தனை மேகத்தில் எத்தனை தடவை என்று
யார் நின்று எழுதுவது?

"இந்தக் குட்டி?"
"மன்னவனூர், மச்சினன் மந்தை."
"தகப்பன்?"
சிரித்துவிட்டார்.
"சந்தைக்குப் போற கிடா ஒரு ராத்திரி
அங்க தங்கிச்சாம்."

இந்தப் பருவத்தின் முதல் எடை
எங்கள் ஆறில் எதற்கும் பிறந்ததில்லை.

நூலை வெட்டினேன்.
குட்டி தலையை உதறியதில்
பதிவேட்டில் சிவப்பாய் ஒரு பொட்டு.
முந்நூற்று முப்பத்தெட்டு: இறப்பு, பங்குனி.
எழுபத்தொன்று: நீக்கம்.
நீக்கம் என்றால் ஏட்டிலிருந்து,
பட்டியிலிருந்து அல்ல என்றேன்.
விற்கச் சொல்லி எந்த விதியும் இல்லை.
இதன் குட்டிகளுக்கு இனி எண் இல்லை,
மருந்துக்குக் காசு உங்களுடையது, அவ்வளவுதான்.
சொல்லும்போதே
அது அவ்வளவுதான் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

அவர் சரி என்று சொல்லவில்லை.
குட்டியைத் தொட்டிலிலிருந்து இறக்கவும் இல்லை.
"எடைய மட்டுமாச்சும் எழுதிக்கங்க மேடம்."

பேனாவை மூடிவிட்டுப் பென்சில் தேடினேன்.
ஓரத்தில், கோட்டுக்கு வெளியே,
பதினாலு முந்நூறு.

ஜீப்பில் பன்னிரண்டு
கதவை முட்டிக்கொண்டிருந்தது.